தலை திரும்பும் முன் போன கால்: தக்கலை ஸ்பாரிங் வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் ஞாயிறு காலைகளில் டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது. நடத்துகிற மாஸ்டர் என் பழைய நண்பர். போன இடவப்பாதி மழைக்காலத்தில் அங்கே ஸ்பாரிங் நேரத்தில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும்போது, ஒருவருக்குத் தலையில் அடிபட்டது. இரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. பல வகுப்புகளில் இதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். நண்பருக்கு அப்படி விட மனமில்லை. மாணவர் ஒருவரின் அப்பா செல்போனில் எடுத்திருந்த வீடியோவை எனக்கு அனுப்பி, “இத ஒண்ணு பாருங்க, என்ன நடந்துதுன்னு ஒரு தெளிவு வேணும்” என்றார். அப்புறம் நானும் அங்கே போய் இருவரிடமும் பேசினேன். தொடர்ந்து பயிற்சியிலும் கூட நின்றேன். இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.

அடி விழுந்தது ஸ்பின்னிங் ஹீல் கிக்கில். முதுகைக் காட்டித் திரும்பி, நீட்டிய காலின் குதிகாலை வட்டமாக வீசி அடிக்கிற உதை. கராத்தேக்காரர்கள் உஷிரோ உரா மவாஷி கெரி என்பார்கள். டேக்வாண்டோவில் இது பின்சுழல் உதை. எந்தப் பெயரில் சொன்னாலும், வகுப்புக்கு வருகிற பையன்கள் முதல் மாதமே கேட்கிற உதை இதுதான்.

அடி எப்படி விழுந்தது

உதைத்தவன் பிளஸ் டூ படிக்கிற பையன். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். நெட்டையான உடம்பு, நீளமான கால், வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத இடுப்பு நெகிழ்ச்சி. அடிபட்டவர் கருங்கல் பக்கம் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவர், வயது 26. உயரம் குறைவு என்பதால் நெருங்கி வந்தே ஆடுவார். பையன் அவரை அண்ணே என்பான், அவர் இவனை மக்கா என்பார். இருவருக்கும் எந்த மனத்தாங்கலும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு அடி விழுந்தால் ‘வேணும்னே அடிச்சான்’ என்று ஒரு பேச்சு கிளம்பும். அங்கேயும் கிளம்பியது. வீடியோவைப் பார்த்தால் அது உண்மையில்லை என்று தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது சுற்று. இருவருக்கும் இடது கால் முன்னால், வலது கால் பின்னால். பையன் வலது காலால், பக்கவாட்டிலிருந்து வளைத்து அடிக்கிற ரவுண்ட் கிக் போடப் போவதுபோல இடுப்பை ஒரு வெட்டு வெட்டினான். அண்ணன் இடது கையை உயர்த்திக் காதை மூடிக்கொண்டு தன் வலப்பக்கமாக அரை அடி நகர்ந்தார். அதற்குள் பையன் எதிர்த்திசையில் முதுகைக் காட்டிச் சுழன்று, அதே வலது காலை வீசிவிட்டான். குதிகால் அவருடைய வலது காதுக்கு மேலே, ஹெட் கார்டின் ஓரத்தில் பட்டது. அவர் ஒரு முட்டியில் இறங்கி, ஃபோம் மேட் மேல் கையூன்றி, உடனே எழுந்துவிட்டார்.

“ஒண்ணும் இல்ல மாஸ்டர், தொடரலாம்” என்றார்.

மாஸ்டர் தொடர விடவில்லை. ஓரமாக உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன், “இது எத்தனாவது ரவுண்டு?” என்று கேட்டார். சொன்னார்கள். தலையாட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு அதையே மறுபடியும் கேட்டார். உடனே மாஸ்டர் அவருடைய பைக் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மூளையதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பக்கத்து வகுப்புகளில் இன்னும் பலருக்கு, மயங்கி விழுந்தால்தான் தலையடி என்ற எண்ணம் இருக்கிறது. மூளையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, நடை தள்ளாடுவது, காரணமில்லாத எரிச்சல், இவையெல்லாம் அதன் அடையாளம்தான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, வலிப்பு, ஒரு கை கால் தளர்வது, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

ஹெட் கார்டு போட்டிருந்தாரே என்று அவர் வீட்டில் கேட்டார்கள். ஹெட் கார்டு தோல் கிழிவதைத் தடுக்கும், எலும்புக்கு மெத்தையாக இருக்கும். ஆனால் அடி விழும்போது தலை வெடுக்கென்று திரும்புகிறதே, அப்போது மண்டைக்குள் மூளை அசைவதை அது நிறுத்தாது. 2013-ல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் ஆண்கள் பிரிவுக்கு ஹெட் கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். நம் வகுப்புகளில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் போட்டுவிட்டதாலேயே தலையில் பலமாக உதைக்கலாம் என்று நினைப்பதுதான் தப்பு.

வீடியோவில் தெரிந்தது

மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது பையனின் முகம். கால் அண்ணனின் தலையைத் தொடுகிற அதே ஃபிரேமில்தான் அவன் முகம் இந்தப் பக்கம் வருகிறது. அதாவது எதிராளி எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் முன்பே கால் கிளம்பிவிட்டது. இதை அவனிடம் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணனுக்க தல எனக்குத் தெரியல மாஸ்டர். பாக்கும்போ காலு போயாச்சு” என்றான். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான வாக்குமூலம் அது.

சரியான வரிசை இப்படி இருக்க வேண்டும்: முன்கால் பாதத்தின் முன்பகுதியில் ஊன்றித் திரும்பும், குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கும். உடனே தலை தோளைத் தாண்டி வந்து எதிராளியைப் பார்க்கும். அதன் பின்தான் இடுப்பு, கடைசியாகத்தான் கால். இவனிடம் தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகக் கிளம்பின. தலை அவற்றுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது.

இரண்டாவது விஷயம் திசை. இடது கால் முன்னால் வைத்து வலது காலால் பின்சுழல் உதை போட்டால், குதிகால் உதைப்பவனின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக வரும். எதிரே நிற்பவருக்கு அது அவருடைய வலது காதுப் பக்கம். வலது கால் ரவுண்ட் கிக் வருவதோ நேர்மாறாக, அவருடைய இடப்பக்கத்திலிருந்து. பொய்யாகக் காட்டிய ரவுண்ட் கிக்கை நம்பி அண்ணனின் கை இடப்பக்கம் உயர்ந்தது, உடம்பு வலப்பக்கம் ஒதுங்கியது. உண்மையான கால் வந்ததும் அந்த வலப்பக்கம்தான். ஆக, மூடாத பக்கத்தில், தலையே காலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது அடி விழுந்திருக்கிறது. பையன் கொடுத்த வேகத்தோடு அண்ணனின் வேகமும் சேர்ந்துகொண்டது. பொய்யசைவு நன்றாக வேலை செய்ததால்தான் அடி இவ்வளவு பலமாகிவிட்டது. அதைப் போட்டியில் பாராட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பாரிங்கில், எதிராளி காலுக்குள்ளே வருவார் என்று தெரிந்தே போடும்போது பலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, பாதம். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் அவன் கால்விரல்கள் முழங்காலைப் பார்த்து இழுபட்டிருக்கின்றன, குதிகால் முன்னே துருத்திக்கொண்டிருக்கிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் அயனி மரக் கொம்பில் தும்பும் மணலும் திணித்த ஒரு சாக்கைக் கட்டி, தினமும் சாயங்காலம் அதைத்தான் உதைக்கிறான். சாக்கு நகராது, கிட்டே வராது, அதற்குக் காது கிடையாது. அதில் குதிகால் நன்றாகப் பட்டால் ‘தம்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அவன் உடம்பு பழகியிருந்தது. சாக்கில் பழகுவதை நான் குறை சொல்லவில்லை, பலம் அங்கேதான் வரும். ஆனால் ஸ்பாரிங்குக்கு வேறு பாதம் வேண்டும். கால் இலக்கை நெருங்கும்போது முழங்காலை மடித்து, கால்விரல்களை நீட்டி, உள்ளங்காலால் தொட வேண்டும். அப்படிப் பட்டால் ஓர் அறை போலச் சத்தம் கேட்கும், தலை அவ்வளவாக அசையாது.

இந்த உதை மற்ற உதைகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. ரவுண்ட் கிக்கில் முழங்கால் முன்னால் இருக்கிறது, கண் எதிராளியை விட்டு விலகுவதே இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் முழங்காலிலேயே காலை நிறுத்திவிடலாம். பின்சுழல் உதையில் முழு உடம்பும் சுழல்கிறது, பாதம் அந்தச் சுழற்சியின் வெளிவிளிம்பில் இருக்கிறது, வேகம் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. கால் நீண்ட பிறகு அது கவணிலிருந்து விட்ட கல்தான். ‘கன்ட்ரோலா அடி’ என்று வெளியே நின்று கத்துவதில் பயனில்லை. கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் அது கால் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்: தூரத்தில், உயரத்தில், திரும்பிய தலை கண்டதில்.

புள்ளிகளும் புகழும்

பையன்கள் ஏன் இதையே கேட்கிறார்கள்? ஒரு காரணம் விதிகளிலேயே இருக்கிறது. உலக டேக்வாண்டோ விதிகள் 2018-ல் திருத்தப்பட்டபோது, உடம்பில் பட்ட சாதாரண உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3 என்றும், சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5 என்றும் வைத்தார்கள். ஒரே உதையில் ஆட்டம் திரும்பிவிடும். கராத்தேயில் தலைக்கு உதை சரியாகப் பட்டால் 3 புள்ளி, ஆனால் அளவுக்கு மீறித் தொட்டால் உதைத்தவருக்கே தண்டனை. டேக்வாண்டோவிலும் சுழன்ற வேகத்தில் நிலை தவறி விழுந்தால் கம்ஜம் என்ற தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி.

இன்னொரு காரணம் செல்போன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 80 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப்போட்டியில் கொரியாவின் மூன் டே-சங், உள்ளூர்க்காரரான அலெக்சாண்ட்ரோஸ் நிகோலைடிஸை ஒரே பின்சுழல் உதையில் வீழ்த்தித் தங்கம் வாங்கினார். 2012 ஜனவரியில் ரியோவில் நடந்த யுஎஃப்சி 142 என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் எட்சன் பார்போசா, டெர்ரி எடிமை மூன்றாவது சுற்றில் இதே வகை உதையில் சாய்த்தார். இந்த இரண்டையும் நம் பையன் மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஆனால் அவன் பார்த்தது கடைசி நொடியை மட்டும். பார்போசா அதற்கு முந்தைய சுற்றுகள் முழுக்க எடிமின் தொடையையும் காலையும் உதைத்து உதைத்து அவர் கவனத்தைக் கீழேயே வைத்திருந்தார். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வீடியோ சுற்றி வருகிறது. முழு ஆட்டத்தையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து, “அவன் அந்தக் காலுக்கு ரெண்டு ரவுண்டு காத்து நின்னுருக்கான்” என்றான். சரியாகப் பிடித்துக்கொண்டான் என்று சந்தோஷமாக இருந்தது.

குலசேகரம் பக்கத்தில் நம் பக்கத்துப் பழைய தற்காப்புக் கலையான அடிமுறையைச் சொல்லித் தருகிற, எனக்குத் தெரிந்த ஆசான் ஒருவர் இருக்கிறார். வீடியோவை அவரிடமும் காட்டினேன். காலையோ தலையையோ அவர் பார்க்கவே இல்லை, ஊன்றிய பாதத்தை மட்டும் பார்த்தார். “சுவடு பிழைச்சுப் போச்சு, பிறகு காலு எப்பிடி நிக்கும்?” என்றார். சுவடு என்றால் காலடி வைக்கிற முறை. வீடியோவை மறுபடி பார்த்தபோது அவர் சொன்னது எனக்கும் தெரிந்தது. பையன் ஊன்றிய பாதம் முழுதாகத் திரும்பவில்லை, மீதிச் சுழற்சியை முழங்கால் வாங்கியிருக்கிறது. அன்று முழங்கால் தப்பியது அதிர்ஷ்டம். மழைக்கால ஈரத்தில் ஃபோம் மேட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். சங்குத்துறை, முட்டம் கடற்கரைகளில் மாலை நேரத்தில் இந்த உதையைப் போட்டு வீடியோ எடுக்கிற தம்பிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: மணலில் பாதம் புதைந்து நிற்கும்போது உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலின் ஏசிஎல் தசைநாரும் மூட்டுச் சவ்வும் கிழிய வழி உண்டு. மணலில் ஓடுங்கள், குதியுங்கள். சுழல் உதை அங்கே வேண்டாம்.

அடிபட்டால் ஆபத்தான உடல் புள்ளிகளைத்தான் வர்மம் என்கிறோம். வர்ம நூல் மரபில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பார்கள். நம் மாவட்டத்து ஆசான்மார் அடிக்கிற முறையைச் சொல்லித் தரும்போதே அடிபட்டவரைத் தெளிய வைக்கிற இளக்குமுறையையும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். தலையடிக்கு நேராக மருத்துவமனைதான் போக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அடிக்கிறவனே அடியின் விளைவையும் படித்திருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். மாஸ்டரிடம் சொல்லி, மூளையதிர்ச்சியின் அடையாளங்களை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பையனிடமே ஒப்படைத்தோம். எழுதி வைத்துப் படித்து, நன்றாகவே சொன்னான்.

திருத்திய விதம்

உதையைத் தடை செய்துவிடலாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. தடை செய்தால் பையன்கள் மாடியிலும் கடற்கரையிலும் தனியாகப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிற இடத்தில் படிப்பதே மேல்.

முதலில் காலை எடுத்துவிட்டோம். திரும்ப மட்டும் வேண்டும். எதிரே ஒருவர் நின்று விரல்களைக் காட்டுவார், பையன் திரும்பும்போது தலையை முன்னே கொண்டுவந்து எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முழங்கால் எழலாம். சொல்ல முடியவில்லை என்றால் காலைத் தரையில் வைத்துவிட்டு நேராக நிற்க வேண்டும். முதல் நாள் அவன் சொன்ன எண்களில் பாதிக்கு மேல் ஊகம்தான். மாஸ்டர் விரல்களை மூடிக் கைமுட்டியை மட்டும் காட்டியபோதும் “மூணு” என்றான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரங்களில் தலை முன்னால் வரத் தொடங்கியது. தலை வந்ததும் உடம்பின் அச்சும் நேரானது, உதைத்துவிட்டுத் தள்ளாடுவதும் தன்னாலே நின்றது.

அப்புறம் ஒரு பழைய தோர்த்தை, அதாவது மெல்லிய துண்டை, கயிற்றில் தொங்கவிட்டோம். சுழன்று வந்து அதை உள்ளங்காலால் தொட வேண்டும், தோர்த்து கயிற்றுக்கு மேலே பறக்கக் கூடாது. சாக்கில் பழகியவனுக்கு இது பெரிய சோதனை. வேகத்தைக் குறைத்தால் நிலை தவறுகிறது, வேகமாகச் சுழன்றால் தோர்த்து பறக்கிறது. சுழற்சியை வேகமாகவும் முழங்கால் மடிப்பைச் சீக்கிரமாகவும் வைத்தால்தான் இரண்டும் சேரும் என்பதை அவனே கண்டுபிடித்தான். நாங்கள் முன்பே சொல்லியிருந்தால் இந்த அளவு பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். 2016 ஒலிம்பிக் முதல் ஹெட் கார்டிலும் சென்சார் வந்துவிட்டது. போட்டியில் புள்ளி எடுக்கவும் தலையைச் சாய்க்க வேண்டியதில்லை, சுத்தமாகத் தொட்டால் போதும். இதைச் சொன்னபோது அவனுக்குத் தோர்த்தின் மேல் இருந்த வெறுப்பு கொஞ்சம் குறைந்தது.

ஸ்பாரிங்கில் மறுபடியும் அனுமதித்தபோது உடம்பு உயரத்துக்கு மட்டும்தான், செஸ்ட் கார்டின் மேல். தலை உயரத்துக்கு வேண்டுமானால் சுற்று தொடங்கும் முன் எதிராளியிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

எதிரே நிற்பவருக்கும் பாடம் உண்டு. முதுகு திரும்புவதைக் கண்டால் இரண்டே இடம்தான் பாதுகாப்பு. ஒன்று, தயங்காமல் உள்ளே போய் அவன் இடுப்போடு ஒட்டி நிற்பது. அங்கே தொடைதான் படும், குதிகாலுக்கு வேலையில்லை. அவன் நிலையும் குலைந்துவிடும். இல்லாவிட்டால் கால் போகிற திசையிலேயே வெளியே விலகிப் போவது, இந்த நிகழ்வில் அது அண்ணனுக்கு இடப்பக்கம். அரை அடி நகர்ந்து நின்று பார்க்கலாம் என்று நினைக்கிற அந்த நடுத்தூரத்தில்தான் குதிகால் வந்து சேரும்.

அண்ணன் திரும்பி வந்தது படிப்படியாகத்தான். மூளையதிர்ச்சிக்குப் பின் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போன் திரையையும் குறைக்க வேண்டும். பிறகு மெதுவான நடை, லேசான ஓட்டம், தனிப்பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே. ஸ்பாரிங் என்பது மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். ஏணி ஏறுகிற வேலை என்பதால் வேலைக்குத் திரும்புவதையும் அவர் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பையனும் அவனுடைய அப்பாவும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வகுப்புக்கு வந்தபோது புதிதாக ஒன்று தெரிந்தது. யாராவது முதுகைத் திருப்பினாலே அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை, நல்லவேளையாக வழி எளிதாகக் கிடைத்தது. பையனையே எதிரே நிறுத்தி, அவன் மெதுவாகத் திரும்ப, அண்ணன் கண்ணைத் திறந்தபடி உள்ளே போய் அவன் முதுகில் உள்ளங்கையை வைப்பார். அவ்வளவுதான் பயிற்சி. வேகத்தை அண்ணன் சொல்லச் சொல்லத்தான் கூட்டினோம். ஒருநாள் அவரே, “மக்கா, கொஞ்சம் வேகமா வா, பாக்கட்டும்” என்றார்.

கடைசியாக நான் போன ஞாயிறு அன்று இருவரும் சேர்ந்து ஆடினார்கள். பையன் மொத்தம் இரண்டு முறைதான் திரும்பினான். முதல் முறை தலை வந்தது, அண்ணன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதைக் கண்டான், காலை எடுக்காமல் தரையில் வைத்துவிட்டான். இரண்டாவது முறை முன்கால் ரவுண்ட் கிக்கை உடம்புக்குப் போட்டு, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்பி ஊன்றி, அங்கிருந்து சுழன்றான். உள்ளங்கால் செஸ்ட் கார்டில் பளிச்சென்று பட்டது. அண்ணன் “கொள்ளாம்டே” என்று சொல்லிக்கொண்டே அடுத்த அடிக்கு நெருங்கினார்.

இவ்வளவும் வலது காலுக்கு மட்டும். இடது காலால் சுழலும்போது இன்னும் தோள்தான் முதலில் திரும்புகிறது. அதனால் இடது காலுக்கு ஸ்பாரிங்கில் இன்னும் அனுமதி இல்லை. விரல் எண்ணுவதிலிருந்து அந்தக் காலுக்கு இந்த மாதம் தொடங்குகிறோம்.